முதல் பிறந்தநாளும் முறிந்த தென்னையும்



பல வருஷங்களாக என் மனசுக்குள் கிடந்து உறுத்திக்கொண்டிருக்கிற ஒரு கேள்வியை இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். இது வேதபாடம் அல்ல, பிரசங்கமும் அல்ல. கஜா புயலில் தப்பின ஒருவன், தப்பியதற்காக எல்லார் முன்பாகவும் எழுந்து நின்று நன்றி சொன்னான். அப்படிச் சொல்லலாமா, கூடாதா? இவ்வளவுதான் கேள்வி. "இதிலே என்ன பிரதர் கேள்வி இருக்கு, தாராளமாச் சொல்லலாமே" என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆலங்குடி தாலுகா, கீரமங்கலத்துக்குப் பக்கம். இந்தப் பகுதியைத் தெரியாதவர்கள் புதுக்கோட்டை என்றாலே வறட்சி என்று நினைத்துக்கொள்வார்கள். வந்து பார்த்தால் அப்படித் தோன்றாது. பல நூறு அடி போர் போட்டுத் தண்ணீர் எடுத்து, தென்னை, வாழை, பலா, மல்லிகை, கனகாம்பரம் என்று பூமியைப் பச்சையாக வைத்திருந்தார்கள் எங்கள் ஜனங்கள். வடகாட்டுப் பலாப்பழமும் கீரமங்கலம் பூ மார்க்கெட்டும் வெளியூரிலும் பேர் போனவை.

என் மகளுடைய மகள் 2017 நவம்பர் 18-ம் தேதி பிறந்தாள். முதல் பிறந்தநாள் 2018 நவம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் பக்கத்தில் குழந்தைக்கு மொட்டை போட்டுக் காது குத்தி, கிடா வெட்டி, மாமன் சீரோடு ஊரைக் கூட்டிச் சோறு போடுவார்கள். விசுவாசிகள் வீட்டில் அது கிடையாது. அதனாலேயே முதல் பிறந்தநாள் நமக்குப் பெரிசாகிவிட்டது என்று நினைக்கிறேன். ஒரு கூட்டம் வைத்து, ஜெபித்து, கேக் வெட்டி, எல்லாருக்கும் கறிச்சோறு போட்டால்தான் பிள்ளை வளர்ந்தது போல இருக்கிறது. பிறந்தநாளே கூடாது என்று சொல்லுகிற மூத்த விசுவாசிகளும் நம்மிடத்தில் உண்டு. வேதத்தில் விருந்தோடு சொல்லப்பட்ட பிறந்தநாள் இரண்டுதான், ஒன்று பார்வோனுடையது, மற்றது ஏரோதுடையது, இரண்டிலும் ஒரு ஆள் செத்தான் என்பது அவர்கள் நியாயம். அந்தப் பழைய வழக்குக்குள் நான் போகவில்லை.

எங்கள் வீடு தளம் போட்ட வீடு. மூத்த மகன் சிங்கப்பூரில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் 2011-ல் கட்டினது. முன்னால் ஒரு பெரிய ஹால் உண்டு. நெருக்கிப் படுத்தால் பன்னிரண்டு பதினைந்து பேர் படுக்கலாம். வியாழக்கிழமை சாயங்காலமே மகளும் மருமகனும் அந்த ஹாலை ஜோடித்துவிட்டார்கள். ஜிகினாத் தாள், கலர் கலராய் பலூன், சுவரில் குழந்தையின் பெயர். ஒரு மூலையில் அரிசி மூட்டைகள், எண்ணெய் டின், பருப்பு. இன்னொரு பக்கம் வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கடுக்காய். கொல்லையில் இரண்டு கிடா. கேக்குக்குச் சொல்லி அட்வான்ஸும் கொடுத்தாயிற்று.

புயல் வருகிறது என்று எல்லாருக்கும் தெரியும். தெரியாது என்று ஒருவரும் சொல்ல முடியாது. கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே கரையைக் கடக்கும் என்று ரேடியோவும் டிவியும் நாலு நாளாகச் சொல்லிக்கொண்டே இருந்தன. பள்ளிக்கூடத்துக்கும் லீவு விட்டிருந்தார்கள். ஆனாலும் புயல் என்றால் அது கடற்கரைக்காரர்கள் பாடு என்றுதான் எங்களுக்கு நினைப்பு. "நாகப்பட்டினத்து ஜனங்க பாவம்" என்று சொல்லிக்கொண்டே பலூன் ஊதினோம்.

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சகோதரி இருக்கிறார். விதவை. மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஒன்பது வயதுப் பேரனை இவர்தான் வைத்துக் காப்பாற்றுகிறார். மண்சுவர் வைத்த கீற்றுக் கூரை வீடு. நம் சபைக்கு வருகிறவர். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு நான் போகாத நாள் உண்டு, அவர் வராத நாள் கிடையாது. அன்றைக்கு இருட்டுகிற நேரத்தில் வேலியோரம் வந்து நின்றார்.

"அண்ணே, காத்து பலமா அடிக்குமாமே?"

"அட, கடலோரந்தான் ஆத்தா. நமக்கு ஒண்ணும் ஆகாது. ஜெபம் பண்ணிட்டுப் படு."

சரிங்கண்ணே என்று போய்விட்டார்.

கஜா என்றால் யானை. இலங்கை கொடுத்த பெயர். 16-ம் தேதி வெள்ளிக்கிழமை, நள்ளிரவுக்கு மேல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தோடு அது கரை ஏறியது. ஏறினதோடு நிற்கவில்லை. மேற்கே நகர்ந்து தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை மிதித்துக்கொண்டே திண்டுக்கல் மலைப்பக்கம் வரை போயிற்று. எங்கள் ஊருக்கு விடியற்காலத்தில் வந்து சேர்ந்தது. முதலில் வடக்கே இருந்து அடித்தது. பிறகு ஓய்ந்தது போல் இருந்தது. முடிந்தது என்று கதவைத் திறக்கப் போனபோது தெற்கே இருந்து அடித்தது பாருங்கள், அதுதான் கொன்றது. முதல் காற்றில் அசைந்து கொடுத்த மரங்களை இரண்டாவது காற்று மறுபக்கமாய்ப் பிடித்துத் திருகிப் போட்டது. தென்னை முறிகிற சத்தத்தை அதற்கு முன்பு நான் கேட்டதில்லை. மடார் மடார் என்று, யாரோ வரிசையாய் எண்ணிக்கொண்டே ஒடிப்பது போல. நாங்கள் ஏழு பேர் ஹாலில் அரிசி மூட்டைகளின் மேல் உட்கார்ந்து ஜெபித்தோம். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள்.

விடிந்து வெளியே வந்தால் வானம் பெரிதாய் இருந்தது. தோப்பு இருந்த இடத்தில் வானம். என் எண்பது மரத்தில் ஒன்பது நின்றது. ரோடெல்லாம் மரம், போஸ்ட் எல்லாம் தரையில். தமிழ்நாட்டில் அந்த ஒரு ராத்திரியில் சாய்ந்த மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கும் மேலே. நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கரண்ட் இல்லை, ஆகவே போர் இல்லை, ஆகவே தண்ணீர் இல்லை. ஊரைச் சுற்றி மழைத் தண்ணீர் தேங்கி நிற்க, குடிக்க ஒரு குடம் கிடையாது. செல்போன் டவரும் செத்துவிட்டது. நாலு மைல் தள்ளி உறவுக்காரர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ளவே ஒரு நாள் ஆயிற்று.

வேலிக்கு அந்தப் பக்கம் கூரை இல்லை. கூரை பறந்து போய் யார் தோப்பில் விழுந்தது என்றுகூடத் தெரியவில்லை. ஒரு பக்கச் சுவர் விழுந்து, இன்னொரு பக்கச் சுவர் நின்றது. அந்தச் சுவரோரம் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, அதற்கடியில் பேரனைப் படுக்க வைத்து, மேலே தான் உட்கார்ந்து ராத்திரியைக் கழித்திருக்கிறார் அந்தச் சகோதரி. பையனுக்குக் கையில் நல்ல அடி. எலும்பு முறியவில்லை.

பிறந்தநாளை நடத்துவதா என்ற பேச்சு சனிக்கிழமை வந்தது. மகள் அழுதுகொண்டே வேண்டாம் என்றாள். சம்பந்தி அம்மாவோ, முதல் பிறந்தநாளை நிறுத்துவது நல்லதல்ல, பிள்ளைக்கு ஆகாது என்றார்கள். அவர்கள் விசுவாசத்துக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது, ஆனாலும் அந்தப் பேச்சு மட்டும் போகவில்லை, போகட்டும். நான் யோசித்தேன். வீட்டில் அரிசி இருக்கிறது, பருப்பு இருக்கிறது, கிடா இருக்கிறது. தெருவில் பாதி வீட்டில் அடுப்பு நனைந்து கிடக்கிறது. அந்த நாட்களில் ஊருக்கு ஊர் ஜனங்கள் இருந்ததைப் போட்டுத் தெருவிலே பொதுவாய்ச் சமைத்துச் சாப்பிட்டார்கள். ஆகவே பிறந்தநாள் சோறு தெருவுக்கு என்று முடிவு செய்தேன். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் கிடையாது. துக்க வீட்டுத் தெருவில் விருந்தா என்று கேட்டால், பசித்தவனுக்கு அது விருந்து இல்லை, சோறு.

ஞாயிற்றுக்கிழமை, வாடகை ஜெனரேட்டர் வைத்து இறைத்த தண்ணீரில் சமையல் நடந்தது. முறிந்த தென்னையே விறகு. பச்சை மரம், ஒரே புகை. கேக் வரவில்லை, வழி இல்லை. பாஸ்டர் விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி ஆறு கிலோமீட்டர் நடந்தே வந்தார். சாதி சபை பார்க்காமல் எங்கள் தெருவும் அடுத்த தெருவும் வந்தது. நூறு பேருக்குக் குறையாது. ஹாலிலும் வாசலிலும் உட்கார்ந்தார்கள். பாட்டுப் பாடி, ஜெபித்து, குழந்தையைப் பாஸ்டர் கையில் கொடுத்தோம். "தாத்தா ரெண்டு வார்த்தை சாட்சி சொல்லுங்க" என்றார்கள்.

எழுந்து நின்றேன். என்ன சொன்னேன் என்பது வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "இந்தப் பெரிய காத்துல கர்த்தர் இந்தப் பிள்ளையைக் கண்ணின் மணி போலக் காப்பாத்தினார். எங்க வீட்டுல ஒரு ஜன்னல் கண்ணாடி உடையல. அட, பாருங்க, கட்டின பலூன்கூட ஒண்ணும் உடையல. ஸ்தோத்திரம்!"

ஸ்தோத்திரம், அல்லேலூயா என்று சத்தம் வந்தது. சிலர் நிமிர்ந்து பலூனைப் பார்த்துச் சிரித்தார்கள். அப்போது கதவோரம் உட்கார்ந்திருந்த அந்தச் சகோதரி, பேரன் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வெளியே போனார்.

பிரியமானவர்களே, அந்த முதுகு என்னை விடவில்லை. கரண்ட் வர எங்கள் தெருவுக்கு மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. கேரளாவிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் மின்வாரியத் தொழிலாளர்கள் வந்து மழையில் நனைந்துகொண்டு போஸ்ட் நட்டார்கள். அதுவரைக்கும் ராத்திரியில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் வேறு வேலை இல்லை, யோசிப்பதுதான் வேலை.

நாம் எல்லாருமே இப்படிச் சொல்லுகிறவர்கள்தானே? பஸ் கவிழ்ந்தது, நான் அந்த பஸ்ஸைத் தவறவிட்டேன், தேவனுக்கு மகிமை என்கிறோம். பஸ்ஸைப் பிடித்தவன் வீட்டில் என்ன சொல்லுவார்கள்? 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, வேளாங்கண்ணியில் சுனாமி ஏறினபோது ஆலயத்துக்குள் இருந்தவர்கள் பிழைத்தார்கள். தண்ணீர் உள்ளே வரவில்லை என்பதை அந்தப் பக்கத்தில் இன்றைக்கும் அதிசயமாகச் சொல்லுகிறார்கள். கடற்கரையில் நூற்றுக்கணக்கில் மாண்டவர்களும் அதே ஆலயத்துக்கு வந்த யாத்திரிகர்கள்தான். அவர்களில் எத்தனையோ பேர் முந்தின ஆராதனையை முடித்துவிட்டு வெளியே வந்தவர்களாய் இருக்கலாம். உள்ளே இருந்தவனுடைய சாட்சியை வெளியே பிள்ளையைப் பறிகொடுத்தவள் உட்கார்ந்து கேட்க முடியுமா?

யோபின் சரித்திரத்தை எடுத்துப் பார்த்தேன். அவனுடைய பிள்ளைகள் மூத்தவன் வீட்டில் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் வனாந்தரத்துக் காற்று வந்து வீட்டின் நாலு மூலையிலும் மோதி அவர்கள் மேல் தள்ளினது. காற்று விருந்து வீட்டையும் தள்ளும். என் ஹாலில் விருந்து பத்திரமாய் இருந்தது. அதை வைத்து யாருக்கு எது தகும் என்று கணக்குப் போடுவதைத்தான் யோபின் சிநேகிதர்கள் செய்தார்கள். கடைசியில் கடிந்துகொள்ளப்பட்டவர்கள் அவர்கள்.

வெளிநாட்டிலும் இந்தக் கேள்வி பெரிய சண்டையாய் நடந்திருக்கிறது. 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்களின் திருநாள். போர்ச்சுகல் தேசத்து லிஸ்பன் நகரில் ஜனங்கள் ஆலயங்களில் கூடியிருந்த காலை நேரத்தில் பூமி அதிர்ந்தது. ஆலயங்கள் ஆராதிக்கிறவர்கள் மேலேயே விழுந்தன. திருநாளுக்கு ஏற்றின மெழுகுவத்திகள் நகரத்தைக் கொளுத்தின. கடலும் ஏறி வந்தது. செத்தவர்கள் ஆயிரம் ஆயிரமாய். எல்லாம் நன்மைக்கே என்று சொல்லுகிற தத்துவத்தை எதிர்த்து வால்டேர் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் கோபமாய் ஒரு நீண்ட கவிதை எழுதினார். அதற்கு ரூசோ என்பவர் 1756-ல் ஒரு கடிதம் எழுதி பதில் சொன்னார். அந்த இடத்தில் ஆறு ஏழு மாடி வீடுகளை ஆயிரக்கணக்கில் நெருக்கிக் கட்டி வைத்தது இயற்கை அல்ல என்றார். பணத்தையும் துணியையும் காகிதங்களையும் எடுக்கத் திரும்பிப் போய் எத்தனை பேர் செத்தார்கள் என்றும் கேட்டார். இதை ஒரு பழைய புஸ்தகத்தில் படித்தபோது மழுப்பலாகத்தான் எனக்குத் தோன்றியது. பிள்ளை செத்துக் கிடக்கும்போது வீட்டு மாடியைப் பற்றி என்ன பேச்சு என்று நினைத்தேன்.

கடைசியில் எனக்கு நானே ஒரு பதில் செய்துகொண்டேன். நன்றி சொன்னது தப்பில்லை, பலூனைச் சொன்னதுதான் தப்பு. 'என் பிள்ளை உயிரோடு இருக்கிறது' என்பது நன்றி. 'என் பலூன்கூட உடையவில்லை' என்பது வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே சொல்லுகிற பேச்சு, அதிலே ஒரு அளவுகோல் இருக்கிறது. பக்கத்து வீட்டை வைத்து அளக்காத நன்றி என்று ஒன்று உண்டு, இனி அதையே சொல்லுவேன். நல்ல பதில்தான் என்று எனக்குத் திருப்தி. போய் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று ஒரு நாள் சாயங்காலம் வேலியைத் தாண்டிப் போனேன்.

அதற்குள் இன்னொரு மழையும் பெய்திருந்தது. புயல் போன நாலைந்து நாளில் திரும்பவும் கனமழை. வாரிகளில் மரம் விழுந்து அடைத்துக் கிடந்ததால் தண்ணீர் போக வழி இல்லாமல், கூரையில்லாத அந்தச் சுவர்களுக்குள் முழங்கால் அளவு நின்று வடிந்திருந்தது. தார்ப்பாய் கட்டி அதன் கீழே சகோதரி உட்கார்ந்திருந்தார். அரசாங்கம் கொடுத்த 27 வகைச் சாமான்களை மூட்டையாய்க் கட்டிக் கட்டில் மேல் வைத்திருந்தார். முழுசாய்ப் போன குடிசைக்குப் பத்தாயிரம் ரூபாய் என்று அறிவித்திருந்தார்கள். எங்களுக்குத் தென்னை ஒன்றுக்கு 600, வெட்டி அகற்ற 500, ஆக 1,100 ரூபாய். காய்ப்புக்கு வரவே ஐந்தாறு வருஷம் பிடிக்கிற மரம் அது. அந்தக் கணக்கு இருவருக்கும் கசப்புத்தான், முதலில் அதைத்தான் பேசினோம்.

பிறகு மெதுவாய் ஆரம்பித்தேன். "அன்னைக்குக் கூட்டத்துல நான் பேசினது ஒனக்கு மனசு நொந்துருக்கும். நீ எந்திரிச்சுப் போனதைப் பாத்தேன்."

"அய்யய்யோ, அதுக்கில்லண்ணே. பயலுக்கு வயித்தால போச்சு. ரெண்டு நாளு பட்டினி கிடந்த வயித்துல கறியப் போட்டா என்ன ஆகும்? அதான் ஓடினேன்."

எனக்குச் சிரிப்பதா என்று தெரியவில்லை. ஆனாலும் தயார் செய்துகொண்டு போனதைச் சொல்லிவிட வேண்டும் என்று, "அதுக்கில்ல ஆத்தா. கர்த்தர் எங்களை மட்டும் காப்பாத்தி, ஒன்னைய ஏன் விட்டாருன்னு..." என்று இழுத்தேன்.

"அத நான் அவருகிட்ட கேட்டுக்கறேண்ணே. அது எனக்கும் அவருக்கும். ஒங்ககிட்ட கேக்க வேண்டியது வேற."

"என்னது?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சத்தம் போடாமல், விறகு எண்ணுகிற மாதிரி சொன்னார். "அன்னைக்கு வேலியில வந்து நின்னேன். எதுக்கு வந்தேன்னு நெனைச்சீங்க? ஒங்க ஹாலு காலியாத்தானே கெடந்துச்சு. 'பயலக் கூட்டிக்கிட்டு வந்து இங்க படு'ன்னு ஒரு வார்த்தை ஏண்ணே சொல்லல?"

என்னிடத்தில் பதில் இல்லை. "தோணல ஆத்தா" என்றேன். "ம்" என்றார். அவ்வளவுதான். டீ போட்டுக் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

தோன்றவில்லை என்பது சத்தியம். நான் யோசித்துப் பார்த்து வேண்டாம் என்று தள்ளவில்லை. கதவைத் தட்டினவரைத் துரத்தவும் இல்லை. அந்த நினைப்பே எனக்கு வரவில்லை. மனசில் வராத ஒன்றுக்காக ஒரு மனுஷனைக் குற்றப்படுத்த முடியுமா? எந்தக் கோர்ட்டும் அப்படிக் குற்றம் சாட்டாது. ஆனால் மனசில் எது வரும், எது வராது என்பது அந்த நேரத்தில் தீர்மானமாகிற காரியம் அல்ல. ஒரு வாரமாய் நான் கேக்கையும் கிடாவையும் நாற்காலிக் கணக்கையும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆகவே காற்று என்றதும் எனக்கு நாற்காலி நனையுமே என்று தோன்றியது. வெள்ளிக்கிழமை மழைக்கு நாற்காலியை உள்ளே எடுத்து வைத்தவன் நான்தான். அவ்வளவு யோசனை இருந்தது பாருங்கள். அதே சாயங்காலம் வேலியோரம் ஒரு ஆள் வந்து கேட்டதற்கு மட்டும் யோசனை வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அந்தச் சகோதரி எங்கள் ஜனம் அல்ல. சபையில் ஒரே பாயில் உட்காருகிறோம், ஒரே பாத்திரத்தில் பந்தி எடுக்கிறோம். ஆனால் இருபது வருஷத்தில் அவர் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு ராத்திரி படுத்ததில்லை. அவர் இடத்தில் என் கூடப் பிறந்த தங்கச்சி வேலியில் வந்து நின்றிருந்தால், அவள் வாயைத் திறப்பதற்கு முன்னே நான் பாயை எடுத்துப் போட்டிருப்பேன். அப்போது தோன்றியிருக்கும். 'தோணல' என்ற என் பதிலுக்கு உள்ளே இதுவும் இருந்தது. அவருக்கு அது தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அதனால்தான் 'ம்' என்பதோடு விட்டார்.

ரூசோ சொன்னதும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கர்த்தர் ஏன் இவர்களைக் காப்பாற்றினார், அவர்களை விட்டார் என்று வானத்தைப் பார்த்து நான் பத்து ராத்திரி கேட்டேன். கேட்கும்போது எனக்கு ஒரு ஆறுதலும் இருந்தது, உண்மையைச் சொல்லுகிறேன். அது பெரிய கேள்வி, யாருக்கும் விடை தெரியாத கேள்வி, அப்படிக் கேட்கிறவனுக்கு ஒரு மரியாதை உண்டு. காற்று என் வீட்டையும் அவர் வீட்டையும் ஒரே மாதிரிதான் அடித்தது. ஒன்றில் கம்பியும் சிமெண்டும் இருந்தது, மற்றதில் கீற்று இருந்தது. நடுவே முப்பது அடி தூரம். அந்த முப்பது அடியை நடந்து கடக்க ஒரு ஒன்பது வயதுப் பையனுக்கு அரை நிமிஷம் ஆகும். அதற்கு வேண்டியது என் வாயிலிருந்து ஒரு வார்த்தை. வேண்டிக்கொள் என்று நான் அனுப்பிவிட்டேன். அந்த ஜெபத்துக்குப் பதிலாக என் ஹால் அங்கே தயாராய் இருந்திருக்கலாம் என்பதை நினைக்கும்போது எனக்கு உடம்பு நடுங்குகிறது.

அப்படியானால் நன்றி சொல்லக் கூடாதா? பிள்ளை பிழைத்ததற்குச் சந்தோஷப்படாமல் இருக்க முடியாது. அந்த இரவில் அவள் மார்பு ஏறி இறங்குவதைக் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்து நின்றபோது சாட்சி சொல்லுவதற்கு முன் அறிக்கை பண்ண வேண்டியது ஒன்று இருந்தது. அது தெரியாமல் பேசினேன். தெரிந்திருந்தால் பேசியிருப்பேனா என்பதும் சந்தேகம்தான். நூறு பேர் முன்னால் தன் பலூனைப் பற்றிப் பேசுவது சுலபம்.

2020 நவம்பர் 18-ல் பேத்திக்கு மூன்றாவது பிறந்தநாள். கொரோனா காலம், வீட்டு ஆட்கள் மட்டும் கூடி ஜெபித்து முடித்துக்கொண்டோம். ஹாலில் நாலு பலூன் கட்டியிருந்தாள் என் மகள். அடுத்த வாரமே நிவர் புயல் என்றார்கள். 24-ம் தேதி மத்தியானத்திலிருந்து புதுக்கோட்டை உட்பட ஏழு மாவட்டங்களில் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். கஜாவைப் பார்த்த ஊர், எல்லார் முகத்திலும் பயம். நான் மூன்று மணிக்கெல்லாம் வேலிக்குப் போனேன். "ஆத்தா, பாயை எடுத்துக்கிட்டு வா, பயலையும் கூட்டிக்கிட்டு வா" என்றேன். "கொரோனாண்ணே" என்றார். "காத்துக்கு அது தெரியாது, வா" என்றேன். அந்தத் தெருவில் ஷீட்டு வீடு, கூரை வீடு என்று இருந்த எல்லாரையும் கூப்பிட்டேன். பதினோரு பேர் வந்தார்கள், ஒரு கூடைக் கோழியோடு. ஜன்னலைத் திறந்து வைத்து, வாயில் துணியைக் கட்டிக்கொண்டு படுத்தோம். மனைவிக்குக் கோழி விஷயத்தில் கொஞ்சம் வருத்தம். என் பேத்தியும் வந்த பிள்ளைகளுமாய்ச் சேர்ந்து ஒன்பது மணிக்குள் நாலு பலூனையும் உடைத்துவிட்டார்கள்.

இரண்டு ராத்திரி அப்படிப் படுத்தோம். நிவர் வடக்கே ஒதுங்கி, 25-ம் தேதி ராத்திரி புதுச்சேரிப் பக்கத்தில் கரையைக் கடந்தது. எங்கள் ஊரில் தூறல்தான். ஒரு மட்டை விழவில்லை. காலையில் பாயைச் சுருட்டிக்கொண்டே அந்தச் சகோதரி சொன்னார்: "என்னண்ணே, காத்துன்னு கூப்புட்டீங்க. காத்தும் வரல, கறிச்சோறும் இல்ல."

என் மனைவி உள்ளே போய் இட்லிக் கொப்பரையை அடுப்பில் வைத்தாள்.